ஈவெல்: ஒரு முடிவையும் மாற்றாமல் போன வாக்கு விதி

எதைப் பற்றிய ஆய்வு

2015 அக்டோபரிலிருந்து 2021 ஜூலை வரை பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் ஒரு விதி இருந்தது. இங்கிலாந்தை மட்டும் பாதிக்கும் சட்டம் நிறைவேற மொத்த சபையின் பெரும்பான்மை போதாது. இங்கிலாந்துத் தொகுதிகளிலிருந்து வந்த எம்.பி.க்களின் பெரும்பான்மையும் வேண்டும். 'இங்கிலாந்துச் சட்டங்களுக்கு இங்கிலாந்து வாக்குகள்' என்ற முழக்கத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை 'ஈவெல்' என்றார்கள். பெரிய சண்டைக்குப் பிறகு வந்தது. போகும்போது வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஒரே ஒரு மசோதாவைக்கூட அது தடுக்கவில்லை.

நாட்டின் சில பகுதிகளுக்கு மட்டும் தனிச் சட்டமன்றம் கொடுத்துவிட்டு, மிச்சப் பகுதியை மத்திய நாடாளுமன்றத்திடமே விட்டுவைத்தால் என்ன சிக்கல் வரும், அந்தச் சிக்கலை வாக்கு விதி ஒன்றை வைத்தே தீர்க்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கக் கிடைத்த சம்பவம் இது. பின்னணியில் வரும் சில பழைய பெயர்களும் ஓர் ஆணையத் தலைவரின் பெயரும் தவிர, ஆட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பதவியும் கட்சியும் தெரிந்தால் போதும். 'இங்கிலாந்து' என்று வரும் இடமெல்லாம் இங்கிலாந்து மட்டுமே; இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்ற நான்கு பகுதிகளும் சேர்ந்ததைப் 'பிரிட்டன்' என்றே எழுதுகிறேன்.

பின்னணி

கேள்வி பழையது. 1886-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி மசோதா கொண்டுவந்தபோது, டப்ளினில் சட்டமன்றம் வந்துவிட்டால் அயர்லாந்து எம்.பி.க்களுக்கு லண்டனில் இடமில்லை என்றார். வரி மட்டும் கட்டு, பேச்சு கிடையாது என்பதா என்று எதிர்ப்பு வந்தது. 1893-ல் இரண்டாவது மசோதாவில் வேறு வழி பார்த்தார்: அவர்கள் லண்டனில் இருக்கலாம், ஆனால் அயர்லாந்தையோ பேரரசு முழுவதையோ தொடும் விஷயங்களில் மட்டும் வாக்களிக்கலாம். ஒரு நாள் உள்ளே, மறுநாள் வெளியே என்றால் அரசு நிற்பதா விழுவதா என்பதே நாளுக்கு நாள் மாறும் என்பது புரிந்ததும் அதையும் கைவிட்டார்கள். ஒன்றைத் தவிர, பின்னால் வந்த எந்தத் திட்டமும் இந்த இரண்டு முட்டுச்சந்துகளைத் தாண்டிப் புதிதாக ஒரு பாதையைக் கண்டுபிடித்துவிடவில்லை.

வட அயர்லாந்தில் மூன்றாவது வழி நடைமுறைக்கு வந்தது. அங்கே 1921 முதல் 1972 வரை தனி நாடாளுமன்றம் இருந்தது. அதற்கு ஈடாக லண்டனில் அதன் இடங்கள் மக்கள்தொகைக்கு உரியதைவிடக் குறைவாக, கடைசியில் 12 என, வைக்கப்பட்டிருந்தன. உள்ளூர் நாடாளுமன்றம் போன பிறகு 1983 தேர்தலிலிருந்து அது 17 ஆனது. அதிகாரம் கிடைத்தால் லண்டனில் இடம் குறையும் என்பது கச்சாவான வழிதான், ஆனால் எல்லோருக்கும் புரியும் வழி.

1977-ல் ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் சட்டமன்றம் கொடுக்கும் விவாதத்தில் டாம் டாலியல் எழுந்தார். தொழிற்கட்சிக்காரர், ஸ்காட்லாந்தின் வெஸ்ட் லோதியன் தொகுதி எம்.பி. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து எம்.பி.க்கள் சேர்ந்து 119 பேர் இங்கிலாந்தின் விவகாரங்களில் தீர்மானகரமாக வாக்களிப்பார்கள். அதே விவகாரங்கள் அந்தப் பகுதிகளில் வரும்போது இங்கிலாந்து எம்.பி.க்களுக்குப் பேச்சே இருக்காது; இதை இங்கிலாந்து எத்தனை நாள் பொறுக்கும் என்று கேட்டார். அவர் அடிக்கடி சொன்ன உதாரணம் ஊர்ப் பெயர் ஒன்றை வைத்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பிளாக்பர்ன் இருக்கிறது. வெஸ்ட் லோதியனிலும் ஒரு பிளாக்பர்ன் இருக்கிறது. லங்காஷயர் பிளாக்பர்னின் பள்ளிகளைப் பற்றி அவர் வாக்களிக்கலாம், தன்னைத் தேர்ந்தெடுத்த பிளாக்பர்னின் பள்ளிகளைப் பற்றி முடியாது. கேள்விக்கு 'வெஸ்ட் லோதியன் கேள்வி' என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது.

அந்தச் சுற்று 1979 பொதுவாக்கெடுப்போடு நின்றது. ஸ்காட்லாந்தில் 51.6 சதவீதம் ஆதரவு வந்தது, ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் வேண்டும் என்ற நிபந்தனையை அது தொடவில்லை. 1997-ல் மறுபடி கேட்டபோது ஸ்காட்லாந்தில் 74.3 சதவீதம், வேல்ஸில் மயிரிழையில் 50.3 சதவீதம். வட அயர்லாந்தில் 1998 அமைதி ஒப்பந்தத்தின் வழியாகச் சட்டமன்றம் வந்தது. மூன்று பகுதிகளுக்கு மூன்று வகையான அதிகாரங்கள். இங்கிலாந்துக்கு ஒன்றும் இல்லை.

இங்கிலாந்துக்குள்ளேயே பிராந்தியச் சபைகள் அமைக்கலாம் என்ற முயற்சி 2004 நவம்பரில் வடகிழக்கு இங்கிலாந்தில் மக்கள் முன் வைக்கப்பட்டது. 77.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஸ்காட்லாந்தின் லண்டன் இடங்கள் 2005-ல் 72-லிருந்து 59 ஆகக் குறைந்தன. ஆனால் அது மக்கள்தொகைக்கு அதிகமாக இருந்த இடங்களைச் சமன் செய்ததுதான். வட அயர்லாந்துக்குச் செய்தது போன்ற கழிவு இல்லை.

முதலில் எங்கே வலித்தது

2003-லும் 2004-லும் இரண்டு வாக்கெடுப்புகள், அதுவரை கருத்தரங்க விஷயமாக இருந்த கேள்வியைச் செய்தியாக்கின.

முதலாவது, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தன்னாட்சி கொடுக்கும் மசோதா. 2003 நவம்பரில் தொழிற்கட்சி அரசு 17 வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. ஸ்காட்லாந்தின் மருத்துவமனைகள் எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் பொறுப்பு. இந்த மாற்றம் அங்கே கிடையாது. ஆனாலும் அரசைக் காப்பாற்றியதில் ஸ்காட்லாந்து எம்.பி.க்களின் வாக்குகள் இருந்தன. அப்போது இங்கிலாந்தின் சுகாதாரத் துறையை நடத்திய அமைச்சரே ஸ்காட்லாந்துத் தொகுதியிலிருந்து வந்தவர். அவர் எடுக்கும் முடிவு எதுவும் அவருடைய வாக்காளர்களின் மருத்துவமனைக்குப் பொருந்தாது.

இரண்டாவது, 2004 ஜனவரி: இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு 3,000 பவுண்டு வரை கட்டணம் வாங்கலாம் என்ற மசோதாவின் இரண்டாம் வாசிப்பு, அதாவது கொள்கை அளவில் அதை ஏற்பதா என்ற வாக்கெடுப்பு. 316-க்கு 311. ஐந்து வாக்கு. ஸ்காட்லாந்துத் தொகுதிகளின் தொழிற்கட்சி எம்.பி.க்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆதரித்து வாக்களித்திருந்தார்கள். இங்கிலாந்து எம்.பி.க்களை மட்டும் எண்ணினால் மசோதா தோற்றிருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்கட்சிக்கு அந்த நேரத்தில் இங்கிலாந்திலும் தெளிவான பெரும்பான்மை இருந்தது. சிக்கல் வந்தது சொந்தக் கட்சியின் இங்கிலாந்து எம்.பி.க்கள் கொறடாவை மீறியதால். ஸ்காட்லாந்து எம்.பி.க்கள் நிரப்பியது அந்த ஓட்டையை. ஆக, ஒரு கட்சி ஸ்காட்லாந்தின் பலத்தில் இங்கிலாந்தை ஆள்கிறது என்ற பரவலான சித்திரம் இந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் சரியாகப் பொருந்தாது. நோயை இப்படித் தவறாகப் புரிந்துகொண்டது பின்னால் மருந்தைத் தேர்ந்தெடுத்ததிலும் தெரிந்தது.

ஆலோசனையும் அவசரமும்

2012-ல் அரசு ஒரு ஆணையம் அமைத்தது. தலைவர் காமன்ஸ் சபையின் முன்னாள் தலைமைச் செயலர் சர் வில்லியம் மெக்கே. 2013 மார்ச்சில் வந்த அறிக்கை நிதானமானது. இங்கிலாந்துக்கென்று தனியான விளைவு உள்ள முடிவுகளை வழக்கமாக இங்கிலாந்து எம்.பி.க்களில் பெரும்பான்மையினரின் சம்மதத்தோடுதான் எடுக்க வேண்டும் என்ற கொள்கையைச் சபை ஏற்க வேண்டும் என்றது. 'வழக்கமாக' என்பதில்தான் அதன் எடை. இங்கிலாந்தின் கருத்து பதிவாக வேண்டும். அதை மீறுகிற அரசு வெளிப்படையாக, அரசியல் விலை கொடுத்து மீற வேண்டும். ஆனால் கடைசிச் சொல் மொத்த சபைக்கே. தடை அதிகாரத்தை ஆணையம் பரிந்துரைக்கவில்லை. அறிக்கை அலமாரிக்குப் போனது.

அப்புறம் 2014 செப்டம்பர் 18. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் 55.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிரசாரத்தின் கடைசி நாட்களில் மூன்று பெரிய கட்சிகளும் ஸ்காட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தன. மறுநாள் காலை கன்சர்வேட்டிவ் பிரதமர் தன் அலுவலக வாசலில் நின்று, ஸ்காட்லாந்தின் குரலைக் கேட்டோம், இனி இங்கிலாந்தின் குரலும் கேட்கப்பட வேண்டும் என்று அறிவித்தார். முடிவு வந்து சில மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்காட்லாந்தில் பிரிட்டனோடு இருக்க வாக்களித்த பலருக்கே அது கொடுத்த வாக்குறுதிக்குப் போட்ட நிபந்தனை போலக் கேட்டது. பிரதமரின் நோக்கம் அதுவோ இல்லையோ, நேரம் அப்படி.

2015 மே தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்குச் சிறிய பெரும்பான்மை. ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56-ஐ ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அள்ளியது. சபையில் மொத்தம் 650. இங்கிலாந்துக்கு 533, ஸ்காட்லாந்துக்கு 59, வேல்ஸுக்கு 40, வட அயர்லாந்துக்கு 18.

அந்த ஜூலையில் நடந்த ஒரு சிறு சம்பவம் விதியை வேகப்படுத்தியது போலத் தோன்றும், உண்மையில் அதன் குறையைக் காட்டியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நரி வேட்டைத் தடையைத் தளர்த்த அரசு வாக்கெடுப்பு குறித்திருந்தது. தளர்த்திய பிறகு சட்டம் ஏறக்குறைய ஸ்காட்லாந்தில் இருப்பது போலவே இருக்கும். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி எதிர்த்து வாக்களிக்கப்போவதாக அறிவித்தது. இங்கிலாந்து விஷயங்களில் ஒதுங்கி நிற்பது எங்கள் வழக்கம் என்று சொல்லிவந்த கட்சி அது. கணக்கு உதைக்கும் என்று தெரிந்ததும் அரசு வாக்கெடுப்பையே திரும்பப் பெற்றது.

எடுத்த முடிவு

2015 அக்டோபர் 22 அன்று 312-க்கு 270 என்ற கணக்கில் விதி நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. அரசு எடுத்த மூன்று தேர்வுகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளைவுகள் எல்லாம் இவற்றிலிருந்தே வந்தன.

முதல் தேர்வு: சட்டமாகக் கொண்டுவராமல் சபை விதியாகக் கொண்டுவந்தது. சட்டம் என்றால் மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போக வேண்டும், நீதிமன்றம் வரை போகும் ஆபத்தும் உண்டு. சபை விதி என்றால் ஒரே நாளில் காமன்ஸ் சபையே முடித்துவிடலாம். அதே சுலபத்தில் ஒரு நாள் எடுத்தும் விடலாம்.

இரண்டாவது: எது இங்கிலாந்து விஷயம் என்று சொல்லும் பொறுப்பைச் சபாநாயகரிடம் விட்டது. ஒரு ஷரத்து இங்கிலாந்துக்கு மட்டும் (அல்லது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்) பொருந்துகிறதா, அதே விஷயம் மற்ற பகுதியின் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று பார்த்து அவர் சான்றளிப்பார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பகுதிகளில் ஏற்படும் 'சிறிய அல்லது தொடர்விளைவான' பாதிப்புகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

மூன்றாவதுதான் மையம். இங்கிலாந்து எம்.பி.க்களுக்குக் கொடுத்தது தடை அதிகாரம் மட்டும். 'வேண்டாம்' என்று சொல்லலாம். 'வேண்டும்' என்று அவர்களாகவே நிறைவேற்ற முடியாது. மற்ற பகுதி எம்.பி.க்கள் இரண்டாம் வாசிப்பிலும், குழு ஆராய்ந்த மசோதா திருத்தங்களுக்காகச் சபைக்குத் திரும்பும் அறிக்கை நிலையிலும், இறுதியான மூன்றாம் வாசிப்பிலும் முன்பு போலவே வாக்களிப்பார்கள். இடையில் புதிதாக ஒரு படி, அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டுக்கு நியாயமான காரணம் இருந்தது. முழுத் தனி அதிகாரம் கொடுத்தால் காமன்ஸ் சபைக்குள் இங்கிலாந்துக்கென்று இன்னொரு நாடாளுமன்றம் முளைத்துவிடும். அமைச்சரவை யாருக்குப் பதில் சொல்வது என்ற 1893-ன் குழப்பம் திரும்பும். ஆனால் நரி வேட்டையில் அரசு மாட்டிக்கொண்டது தடுக்க முடியாமல் அல்ல, நிறைவேற்ற முடியாமல். அதற்கு ஈவெல் எந்த வகையிலும் உதவியிருக்காது.

நடைமுறையில் பார்த்தது

சபைக்குள் அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். மசோதாவின் அறிக்கை நிலை முடிந்ததும் தலைமை வகிப்பவர் எழுந்து, சான்றளிப்பைப் பற்றி முடிவெடுப்பதற்காகச் சபையை அதிகபட்சம் ஐந்து நிமிடம் ஒத்திவைப்பதாகச் சொல்வார். மீண்டும் கூடுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு மணி அடிக்கும். உறுப்பினர்கள் சிலர் இருக்கையிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள், சிலர் வெளியே போய் வருவார்கள். கூடியதும் எந்த ஷரத்துகளுக்குச் சான்று என்ற அறிவிப்பு. சம்மதத் தீர்மானம் முன்வைக்கப்பட வேண்டுமா என்ற கேள்வி, அமைச்சர் தலையசைப்பார். உடனே சபை 'சட்டமியற்றும் பெருங்குழு' ஆகும். எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள், எல்லோரும் பேசலாம், வாக்கு மட்டும் இங்கிலாந்து எம்.பி.க்களுக்கு. பெரும்பாலும் யாரும் பேசமாட்டார்கள். ஓரிரு நிமிடத்தில் சம்மதம் கிடைக்கும், பெருங்குழு மறுபடி சபையாக மாறும்.

2016 ஜனவரியில் வீட்டுவசதி மசோதாவில் இது முதன்முதலாக நடந்தபோது ஸ்காட்லாந்து தேசியக் கட்சியினர் எழுந்து பேசினார்கள். எங்களை இரண்டாம் தர உறுப்பினர்களாக்கிவிட்டீர்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அடுத்தடுத்த முறைகளில் அந்தச் சூடும் தணிந்தது. மசோதா மசோதாவாக அதே சடங்கு நடந்தது.

அதே மாதம் இங்கிலாந்தின் ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகையைக் கடனாக மாற்றும் விதி சபைக்கு வந்தது. அதை ரத்து செய்யக் கோரிய எதிர்க்கட்சித் தீர்மானம் 292-க்கு 306 என்று தோற்றது. இரட்டைப் பெரும்பான்மை எண்ணப்பட்ட முதல் வாக்கெடுப்பு அது. மொத்தத்தில் அரசு வென்றது, இங்கிலாந்தில் அதைவிட நன்றாக வென்றது. இரண்டு எண்ணிக்கைகளை உடனுக்குடன் சொல்ல வேண்டியிருந்ததால் பெயர் குறிக்கும் எழுத்தர்கள் தாளை விட்டுக் கைக்கணினிக்கு மாறினார்கள். யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பட்டியல் முன்பைவிடச் சீக்கிரம் வெளியானது. ஈவெல் விட்டுச்சென்ற உருப்படியான பயன் இது ஒன்றுதான் என்று சிலர் கேலியாகச் சொல்வது முழுக்கக் கேலியும் இல்லை.

ஞாயிறு வியாபார வாக்கெடுப்பு

விதியின் அளவைக் காட்டிய நிகழ்ச்சி 2016 மார்ச் 9 அன்று வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம் என்பது 1994 சட்டம். இந்த வரம்பைத் தளர்த்தும் உரிமையை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க அரசு விரும்பியது. ஸ்காட்லாந்தில் இப்படி ஒரு வரம்பே இல்லை. அங்கே கடைகள் ஞாயிறும் தங்கள் விருப்பப்படி திறக்கலாம்.

கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் எதிர்த்தார்கள். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி முழுதாக எதிர்த்தது. 317-க்கு 286 என்று அரசு தோற்றது. வித்தியாசம் 31. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி ஒதுங்கியிருந்தால் அரசு வென்றிருக்கும்.

கோபம் பொங்கியது. உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கும் சுதந்திரத்தை எங்களுக்கு மறுக்கிறீர்களே என்று ஆளும் கட்சியினர் கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் ஸ்காட்லாந்து தரப்பு சொன்ன காரணத்தையும் பார்க்க வேண்டும். பெரிய கடை நிறுவனங்கள் பிரிட்டன் முழுவதற்கும் ஒரே சம்பள முறை வைத்திருக்கின்றன. ஞாயிறு வேலைக்குக் கூடுதல் சம்பளம் கிடைப்பதற்குக் காரணம் இங்கிலாந்தில் ஞாயிறு இன்னும் வித்தியாசமான நாளாக இருப்பது. அங்கே அது சாதாரண நாளாகிவிட்டால் கூடுதல் சம்பளமும் போகும். ஸ்காட்லாந்துக் கடையில் வேலை செய்பவருக்கும் சேர்த்துப் போகும். அவர் வாக்களித்த எம்.பி. இதில் ஒதுங்கி நிற்பதா?

இந்த வாதம் முழுக்க நேர்மையானதா, அரசைத் தோற்கடிக்கக் கிடைத்த சாக்கா என்பதில் கருத்து வேறுபடலாம். இரண்டும் கலந்தது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வாதத்தின் உள்ளடக்கம் சரி. சட்டம் பொருந்தும் எல்லையும் அதன் விளைவு போய்ச் சேரும் எல்லையும் ஒன்றல்ல. ஈவெல் பார்த்தது முதலாவதை மட்டும்.

விதி ஏன் இங்கே உதவவில்லை என்றால், மேலே சொன்னதுதான். தோல்வி நடந்தது மொத்த சபையும் வாக்களிக்கும் அறிக்கை நிலையில். இங்கிலாந்துக்குக் கொடுத்திருந்தது பூட்டு, சாவி அல்ல.

பணம் என்ற பக்கவாட்டுக் கதவு

இதே விஷயத்தின் கனமான வடிவம் பணம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அரசுகளுக்கு லண்டன் தரும் தொகுப்பு மானியம் 'பார்னெட் சூத்திரம்' என்ற கணக்கின்படி மாறுகிறது. இங்கிலாந்தில் ஒரு துறைக்கான செலவு கூடினால், மற்ற பகுதிகளுக்கு மக்கள்தொகை விகிதப்படி ஒரு பங்கு கூடும்; குறைந்தால் குறையும். இங்கிலாந்து பல்கலைக்கழகங்களின் செலவை அரசிடமிருந்து மாணவர் கட்டணத்துக்கு மாற்றினால், காலப்போக்கில் ஸ்காட்லாந்தின் மானியமும் அசையும். இங்கிலாந்து மட்டும் சம்பந்தப்பட்டது என்று சொல்லப்படும் மசோதா எடின்பரோவின் பட்ஜெட்டில் ஓட்டை போடலாம்.

அரசின் பதில்: செலவை முடிவு செய்வது மசோதா அல்ல, ஆண்டு மதிப்பீடுகள், அதில் எல்லா எம்.பி.க்களும் வாக்களிக்கிறார்கள். தாளில் இது சரி. ஆனால் அந்த மதிப்பீடுகளைச் சபை வரிக்கு வரி ஆராய்ந்து திருத்துவது நடைமுறையில் இல்லாத வழக்கம். மசோதாவில் முடிவெடுத்த பிறகு மதிப்பீட்டில் எதிர்த்து என்ன ஆகப்போகிறது?

எதிர்த்திசையிலும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆய்வு சாயும். அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்ட விஷயங்களில் லண்டன் வழக்கமாக அந்தந்தச் சட்டமன்றத்தின் சம்மதம் இல்லாமல் சட்டம் இயற்றாது என்பது மரபு. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் சட்டத்துக்கு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சம்மதம் மறுத்தது, சட்டம் நிறைவேறியது. 2020-ல் விலகல் ஒப்பந்தச் சட்டத்துக்கு மூன்று சட்டமன்றங்களும் மறுத்தன, அதுவும் நிறைவேறியது. இங்கிலாந்து எம்.பி.க்களுக்கு உறுதியான தடை. மற்ற மூன்று சட்டமன்றங்களுக்கும் மீறக்கூடிய மரபு. டாலியலின் கேள்வியை எடின்பரோவில் உட்கார்ந்து கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கும்.

முடிவு

2017 தேர்தலுக்குப் பிறகு கன்சர்வேட்டிவ் கட்சி மொத்த சபையில் பெரும்பான்மையை இழந்தது, இங்கிலாந்தில் தக்கவைத்துக்கொண்டது. அரசைத் தாங்கியவர்கள் வட அயர்லாந்தைச் சேர்ந்த பத்து எம்.பி.க்கள். இங்கிலாந்து வாக்கு பற்றிய முழக்கத்தில் வந்த அரசு, இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து வந்த பத்துப் பேரை நம்பி நின்றது. 2019-ல் 80 இடப் பெரும்பான்மை கிடைத்ததும் விதிக்கு வேலையே இல்லை.

2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக்காகச் சபை நடைமுறைகளைச் சுருக்கியபோது ஈவெலும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் அது இல்லாமலே சட்டங்கள் வந்தன. தெருவில் யாரும் கேட்கவில்லை. 2021 ஜூலை 13 அன்று, கொண்டுவந்த அதே கட்சியின் அரசே அதை நீக்கும் தீர்மானத்தை வைத்தது. பிரிட்டனின் நாடாளுமன்றத்தில் எல்லா உறுப்பினர்களும் சமம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2015-ல் எதிர்க்கட்சிகள் சொன்ன அதே வாசகம்.

விதி ஏன் ஒருமுறைகூட வேலை செய்யவில்லை என்பதற்கு மர்மம் ஒன்றுமில்லை. அது இருந்த ஆண்டுகளில் ஆண்ட கட்சிக்கு மொத்தத்தில் இருந்ததைவிட இங்கிலாந்தில் எப்போதும் பலம் அதிகம். ஆகவே சபையில் வென்றது இங்கிலாந்திலும் வெல்லும். விதி கடிக்க வேண்டுமானால் 1964-லும் 1974 பிப்ரவரியிலும் நடந்தது போல, இங்கிலாந்தில் பெரும்பான்மை இல்லாத கட்சி அரசு அமைத்திருக்க வேண்டும். அல்லது 2004 போல ஆளும் கட்சியின் இங்கிலாந்து எம்.பி.க்கள் கலகம் செய்திருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் இங்கிலாந்தின் பள்ளி, மருத்துவமனை, வீட்டுவசதி எதிலும் சட்டம் கொண்டுவர முடியாத ஒரு அரசு பதவியில் இருந்திருக்கும். அமைதியான காலத்தில் பயனில்லை, சிக்கலான காலத்தில் முடக்கம்.

எதை மாற்றிச் செய்யலாம்

மெக்கே ஆணையத்தின் மென்மையான வடிவம் இதைவிட நன்றாக இருந்திருக்கும். இங்கிலாந்தின் தனி எண்ணிக்கையை அறிவித்துவிட்டு, முடிவை மொத்த சபையிடம் விடுவது. 2004 போன்ற நாளில் 'இங்கிலாந்து வேண்டாம் என்றது, ஆனாலும் நிறைவேற்றினோம்' என்று ஒரு அமைச்சர் வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தால் அந்தக் கூச்சமே பாதி வேலையைச் செய்திருக்கும்.

ஒரே கட்சியின் வாக்கில் வந்தது அதே கட்சியின் தீர்மானத்தில் போனது. சபையின் அடிப்படை உரிமையைத் தொடும் விதியை அறிமுகப்படுத்தும் முன் எதிர்த்தரப்பில் ஒரு பகுதியாவது கையெழுத்திட வேண்டும் என்று காத்திருந்தால், ஒருவேளை விதியே வந்திருக்காது. அதிலும் நஷ்டமில்லை.

வாக்கெடுப்பின் கடைசிக் கட்டத்தில் ஐந்து நிமிட ஒத்திவைப்பில் செலவான கவனத்தை மசோதாவின் தொடக்கத்தில் செலவிட்டிருக்கலாம். இங்கிலாந்தின் பகுதிகள் தங்களுக்குள் ஒரே மாதிரி இல்லை. வடகிழக்கில் இருக்கும் நியூகாசிலுக்கு லண்டனைப் பற்றி இருக்கும் குறை, எடின்பரோவைப் பற்றி இருப்பதைவிடச் சின்னதல்ல. 2004-ல் சபை வேண்டாம் என்ற வடகிழக்கு இப்போது நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரை ஏற்றிருக்கிறது. கிரேட்டர் மான்செஸ்டரில் 2017 முதல் அந்தப் பதவி இருக்கிறது. ஆனால் இவை நிர்வாக அதிகாரங்கள். ஸ்காட்லாந்துக்கு இருப்பது போலச் சட்டமியற்றும் அதிகாரம் எந்த மேயருக்கும் இல்லை. ஆகவே இது வெஸ்ட் லோதியன் கேள்வியின் விடை என்று சொல்வது மிகை. உள்ளூர்க் குறையைக் கேட்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறார் என்பதுவரை சரி.

பணத்தைப் பொறுத்து ஒரு சின்ன ஏற்பாடு உடனே செய்யக்கூடியது. இங்கிலாந்து சம்பந்தப்பட்ட ஒவ்வொரு மசோதாவோடும், அதனால் மற்ற மூன்று பகுதிகளின் மானியம் எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து மாறும் என்ற கணக்குத் தாளை அரசு வைக்க வேண்டும். மாற்றம் இல்லை என்று தாள் சொன்னால், ஒதுங்கி நிற்பதாகச் சொல்லும் கட்சிக்கு அப்போது சாக்கு இருக்காது. மாற்றம் உண்டு என்றால், அவர்கள் வாக்களிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

2024 தேர்தல் புதிய எல்லைகளில் நடந்தது. இங்கிலாந்துக்கு இப்போது 543 இடம், ஸ்காட்லாந்துக்கு 57, வேல்ஸுக்கு 32, வட அயர்லாந்துக்கு 18. தொழிற்கட்சிக்கு இங்கிலாந்திலேயே தாராளமான பெரும்பான்மை கிடைத்ததால் கேள்வி இப்போது எழவில்லை.